மிசன் வீடுகளும் மக்கள் காணிகளும்

ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவின் நடுப்பகுதியில் மூன்று பழைய கட்டடங்கள் பேணப்பட்டு வருகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த புரட்டஸ்தாந்து மிசனரிமார் கட்டி, வாழ்ந்து, பணிபுரிந்த கட்டடங்கள் அவை. இன்று அவை ஒரு நூதனசாலையாக விளங்குகின்றன. அவற்றைச் சென்று பார்வையிடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. காணி பூமியை விட்டு எழுப்பப்பட்ட கமக்காரக் குடும்பங்களோடு பணிசெய்பவர்கள் என்ற முறையில், அங்கே கண்டவற்றையும் அவை எம்முள் எழுப்பிய சிந்தனைகளையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கோ ஒரு தீவின் பழங்கதை எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிசனையும், 1820ஆம் ஆண்டு ஹவாயில் இறங்கிய மிசனையும் அனுப்பி வைத்தது பொஸ்டன் நகரில் இருந்த ஒரே சங்கந்தான். ஒரே தாயின் இரு பிள்ளைகள் போல இவ்விரு மிசன்களும் வளர்ந்தன. ஆகவே அங்கு நிகழ்ந்தது எமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

மரவீடும் முருகைக்கல் வீடும்

1819ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பொஸ்டனிலிருந்து 'ததேயு' என்னும் கப்பலில் ஏழு குடும்பங்கள் புறப்பட்டன. குருமார், ஆசிரியர், வைத்தியர், அச்சுத் தொழிலாளி ஆகியோரோடு ஒரு கமக்காரரும் தம் மனைவி, ஐந்து பிள்ளைகள் சகிதம் அக்குழுவில் இருந்தார். அமெரிக்காவில் கல்வி கற்ற ஹவாய் இளைஞர் நால்வரும் உடன் வந்தனர். ஏறக்குறைய ஐந்து மாதக் கடற்பயணம். வந்தவர்களை ஓராண்டு மட்டும் தங்கிப் பார்க்கும்படி அரசன் அனுமதித்தான். தொடக்கத்தில் அவர்கள் அவ்வூர் மக்களைப் போலவே புல்வேய்ந்த குடில்களில் இருந்தார்கள்.

மூன்று கட்டடங்களில் மூத்தது 1821இல் எழுந்த மரவீடு. இதற்கான மரங்கள் அமெரிக்காவிலேயே அளந்து அறுக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. குளிர்நாட்டு வழக்கப்படி அமைந்த சிறிய சன்னல்களும் தாழ்ந்த கூரையும் வெப்பநாட்டுக்கு எவ்வளவு பொருந்தாதவை என்பது உள்ளே நின்றால் புரியும். தம் ஊரின் வீட்டையே கடல் கடந்து சுமந்து வந்திருக்கிறார்கள்! ஆயினும் அந்தச் சிறு வீட்டில் ஒரே காலத்தில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. நோயாளரும் விருந்தினரும் அங்கேயே தங்கினர். முகாம்களில் ஒரு கொட்டிலை மூன்று குடும்பங்களாகப் பங்கிட்டு வாழ்ந்த எமது மக்களுக்கு அந்த நெருக்கம் எத்தகையது என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஏனைய இரண்டும் முருகைக்கல்லால் ஆனவை. ஒன்று 1831இல் கட்டப்பட்ட களஞ்சியமும் வீடும். மற்றையது 1841இல் கட்டப்பட்டு, இன்று அச்சுக்கூடமாகக் காட்டப்படும் கட்டடம். நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களை அறிந்தவர்களுக்கு அச்சுவர்கள் புதிதாகத் தோன்றமாட்டா. பக்கத்தில் நிற்கும் பெரிய கவாயஹாவோ தேவாலயமும் அவ்வாறே. அதற்கென ஏறக்குறைய 14,000 முருகைக்கற்கள் கடலடியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன. மூழ்கி வெட்டியவர்களும் சுமந்து வந்தவர்களும் ஹவாய் மக்களே. கட்டடத்துக்கு மிசனின் பெயர் உண்டு. கல்லைத் தூக்கிய கைகளுக்குப் பெயர் இல்லை. எமது பழைய கோவில்களுக்கும் இது பொருந்தும்.

அருகிலுள்ள சேமக்காலையில் மிசனரிமாரும் அவர்களின் இளம் குழந்தைகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுத்து வந்த கதை

நூதனசாலையில் எம்மை மிகவும் கவர்ந்தது அச்சுப்பொறி. அக்காலத்துப் பொறியைப் போலவே செய்யப்பட்ட ஒன்றை அங்கே காணலாம். 1822ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி அத்தீவுகளின் முதலாவது அச்சுத்தாள் வெளிவந்தது. பொறியை இழுத்து அதை அச்சிட்டவர் அவ்வூர்த் தலைவர் ஒருவர். அதுவரை எழுத்து வடிவம் இல்லாதிருந்த மொழிக்குப் பன்னிரண்டு எழுத்துகள் வகுக்கப்பட்டன. அரசகுடும்பத்தினரும் தலைவர்களும் முதலில் கற்றனர். பின்பு ஊரெங்கும் கல்வி பரவியது. முதியோரும் சிறுவரோடு அமர்ந்து படித்தனர். 1839இல் விவிலியம் முழுவதும் ஹவாய் மொழியில் நிறைவுற்றது. 1834 முதல் பத்திரிகைகள் தோன்றின. காலப்போக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் அம்மொழியில் வெளிவந்தன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், எழுத்தறிவில் உலகின் முன்னணி நாடுகளோடு வைத்து எண்ணத்தக்க நிலையை அம்மக்கள் அடைந்துவிட்டார்கள்.

இங்கே ஓர் ஒப்பீடு. ஹவாய்க்கு அச்சுத் தொழிலாளி வந்திறங்கிய அதே 1820ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் அமெரிக்க அச்சுத் தொழிலாளி அனுப்பப்பட்டார். ஆங்கிலேயத் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அவர் தங்க அனுமதி மறுத்து வெளியேற்றிவிட்டார். மானிப்பாயில் மிசன் அச்சுக்கூடம் 1834இல்தான் இயங்கத் தொடங்கியது. 1841ஆம் ஆண்டில் இங்கு 'உதயதாரகை' பத்திரிகை பிறந்தது. எழுத்து மக்கள் கைக்குப் போவதை ஆட்சியாளர் அஞ்சுவது ஏன் என்பதை இது ஓரளவு காட்டுகிறது.

வீட்டுக்கு வெளியே காணி

நூதனசாலையின் படலையைத் தாண்டி வெளியே வந்ததும் எம்முள் எழுந்த கேள்வி இதுதான்: இந்த வீடுகள் இருநூறு ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றன, இவற்றைச் சுற்றிப் பயிர் செய்த மக்களின் காணிகள் எங்கே?

பழைய ஹவாயில் காணி வாங்குவதோ விற்பதோ கிடையாது. மலையுச்சி முதல் கடற்கரை வரை நீண்டு கிடக்கும் நிலத்துண்டை 'அஹுபுவா' என்பார்கள். மேலே மரம், நடுவே வாய்க்கால் நீர் பாயும் சேம்பு வயல், கீழே மீன்பிடி. ஓர் ஊருக்கு வேண்டிய யாவும் அதில் அடங்கும். அரசனும் தலைவர்களும் மேலாண்மை செய்தனர். குடியானவன் திறையும் ஊழியமும் கொடுத்துப் பயிரிட்டான். தலைவர்களின் கெடுபிடி அங்கும் இருந்தது. அது குறையற்ற பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை.

வெளிநாட்டு வணிகரும் போர்க்கப்பல்களும் நெருக்கிய காலத்தில், நாட்டையும் குடியானவனையும் சட்டத்தால் காக்கலாம் என்று எண்ணிச் சில மிசனரிமார் பணியை விட்டு அரசனின் ஆலோசகராயினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ரிச்சட்ஸ், 1845இல் அமைக்கப்பட்ட காணி உரித்து ஆணைக்குழுவின் தலைவரானார். 1848இல் 'மாஹெலே' என்னும் பெரும் பங்கீடு நடந்தது. அரசனும் தலைவர்களும் நிலத்தைத் தமக்குள் பிரித்துக்கொண்டனர். 1850 ஜூலையில் வெளிநாட்டவர் காணி வாங்கலாம் என்ற சட்டம் வந்தது. அடுத்த மாதமே, குடியானவன் தான் பயிரிடும் துண்டுக்கு உறுதி பெறலாம் என்ற சட்டமும் வந்தது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் நடந்தது என்ன? உரித்துக் கோருபவர் 1848 பெப்ரவரி 14ஆம் திகதிக்குள் எழுத்தில் கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும். சாட்சிகள் வரவேண்டும். நில அளவைக்குப் பணம் கட்ட வேண்டும். மேய்ச்சல் தரையும் விறகு வெட்டும் காடும் கணக்கில் சேரா. தன் பாட்டன் காலந்தொட்டுத் தான் உழைத்த நிலத்தைத் தானே போய்க் கேட்கவேண்டும் என்பதே பலருக்கு விளங்கவில்லை. அதே 1848, 1849 ஆண்டுகளில் சின்னமுத்தும் குக்கலும் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். செத்தவீட்டுக்காரன் கச்சேரிக்குப் போவானா?

முடிவில் எண்ணாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கே உறுதி கிடைத்தது. அவர்கள் பெற்ற நிலம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 28,600 ஏக்கர். மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. கிடைத்த துண்டையும் பலர் கடனுக்கும் வறுமைக்கும் விற்றுவிட்டார்கள்.

மறுபுறம் கரும்புத் தோட்டங்கள் பரந்தன. மிசன் பணிக்கென வந்த சாமுவேல் காசில், ஏமொஸ் குக் என்னும் இருவர் 1851இல் தொடங்கிய வியாபாரம் பின்னர் பெரும் சர்க்கரைக் கம்பனிகளில் ஒன்றாயிற்று. மிசனரிமாரின் புதல்வரான அலெக்சாண்டரும் போல்ட்வினும் 1870இல் இன்னொரு கம்பனியை நிறுவினர். 1878இல் அவர்கள் வெட்டி முடித்த பெருவாய்க்கால் மாவி தீவின் அருவிகளைக் கரும்புக்குத் திருப்பியது. கரும்புக்குப் போன நீர் கீழே சேம்பு வயலுக்கு வராது என்பதைக் கமக்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டங்களில் உழைக்கச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். எமது மலையகத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் இதன் பொருளை அறிவார்கள்.

1893 ஜனவரி 17ஆம் திகதி அரசி லிலியுவோகலானி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதை நடத்தியோரில் மிசனரிமாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முன்னின்றனர். பின்னர் அமைந்த குடியரசின் தலைவரான சான்போர்ட் டோல் ஒரு மிசனரியின் மகன். 1898இல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது.

எல்லா மிசனரிமாரும் தோட்டத் துரைமாராகிவிடவில்லை. பலர் பள்ளிக்கூடங்களிலும் மருந்துச்சாலைகளிலும் உழைத்து மறைந்தார்கள். ஆனால் எழுத்தும் சட்டமும் யாருக்குப் பழக்கமோ அவர்கள் பக்கமே காணி சாயும் என்பதை அத்தீவுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

எமது திருச்சபைக்கும் பாடம்

கத்தோலிக்கராகிய நாம் இதைப் படித்து, புரட்டஸ்தாந்து சகோதரர்களைச் சுட்டிக்காட்டி அமைதியடைய முடியாது. 1827இல் ஹவாய் வந்த கத்தோலிக்க குருமார் 1831இல் வெளியேற்றப்பட்டதும், கத்தோலிக்கரான ஹவாய் மக்கள் சிறையிடப்பட்டுக் கடின வேலைக்கு உட்படுத்தப்பட்டதும் உண்மையே. ஆனால் 1839இல் எமது சபைக்கு அங்கு கிடைத்த சுதந்திரத்தைப் பெற்றுத்தந்தது ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல். பீரங்கியைக் காட்டி, இருபதாயிரம் டொலரையும் பிணையாக வாங்கியபின் திறந்த கதவு அது. பீரங்கியின் நிழலில் வந்த நற்செய்தியை மக்கள் எந்த மனத்தோடு கேட்டிருப்பார்கள்? பின்னாளில் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889இல் அவர்களில் ஒருவராகவே இறந்த புனித தமியான் அடிகளார் போன்றோர்தான் அந்த நிழலை அகற்றினார்கள்.

யாழ்ப்பாணத்திலும் வட்டுக்கோட்டைத் தேவாலயம் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க ஆலயமாயிருந்து, ஒல்லாந்தரிடம் போய், பின் அமெரிக்க மிசனிடம் வந்தது. கட்டடங்கள் கைமாறுகின்றன. அவற்றைச் சூழ வாழும் மக்கள் நிலைத்திருக்கிறார்களா என்பதே எமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

இவ்விடயத்தில் அமெரிக்க மிசனின் வாரிசாகிய ஐக்கிய கிறிஸ்து சபை ஒரு முன்மாதிரி காட்டியது. 1893ஆம் ஆண்டு நிகழ்வின் நூற்றாண்டில், அதாவது 1993இல், அச்சபையின் தலைவர் ஹொனலூலுவுக்கு வந்து, தம் முன்னோரின் பங்குக்காக ஹவாய் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசும் சட்டவாயிலாக மன்னிப்புக் கோரியது. மன்னிப்பினால் மட்டும் காணி திரும்பிவிடாது என்று மக்கள் சொன்னதும் நியாயமே.

எழுத்து மக்களிடம் திரும்பியது

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இதனை எழுதியிருக்கமாட்டோம். 1897இல், இணைப்பை எதிர்த்து ஹவாய் மக்கள் ஊரூராகக் கையொப்பம் திரட்டினர். பெண்களின் சங்கம் ஒன்று தனியாக இயங்கிக் கையொப்பம் சேர்த்தது. 21,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அன்று எஞ்சியிருந்த சுதேச மக்கள் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் மட்டுமே. மிசன் பள்ளியில் வந்த எழுத்து, மக்களின் குரலாக மாறியது. அம்மனு வாஷிங்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இணைப்பு ஒப்பந்தம் அப்போது நிறைவேறாமற் போனது. அடுத்த ஆண்டு வேறு வழியால் இணைத்துக்கொண்டார்கள் என்றாலும், அத்தாள்கள் அழியவில்லை. 1990களில் அவை ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிக்கொணரப்பட்டபோது, மக்கள் தம் பாட்டன் பாட்டியரின் கையொப்பத்தைத் தேடிக் கண்டு கண்ணீர்விட்டார்கள். 'எமது மூதாதையர் சும்மா இருந்துவிடவில்லை' என்பதற்கு அது சாட்சி.

காணிக் கோரிக்கைகளும் அப்படியே. 1840களில் குடியானவர்கள் ஆணைக்குழுவின் முன் சொன்ன வாக்குமூலங்கள் ஹவாய் மொழியில் பெரும் புத்தகங்களாகப் பதியப்பட்டுள்ளன. எத்தனை சேம்பு வயல், வீட்டு வளவு எங்கே, மலைப்பக்க எல்லையில் யார், கடற்பக்க எல்லையில் யார் என்று ஒவ்வொருவரும் சொல்லியிருக்கிறார்கள். அன்று தோற்றுப்போன கோரிக்கைகூட இன்று ஊரின் பெயரையும் வாய்க்காலின் வழியையும் காட்டும் சான்றாக நிற்கிறது. சந்ததியினர் அவற்றை வைத்துக் காணிக்காகவும் தண்ணீருக்காகவும் வழக்காடுகிறார்கள்.

எமது மண்ணில்

1816இல் மிசன் வேரூன்றிய அதே தெல்லிப்பழைப் பகுதியிலிருந்துதான் 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் எழுந்து ஓடினார்கள். 2007இல் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் 2009இல் முடிந்து, பல காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டுள்ளன. எல்லாம் விடுவிக்கப்பட்டுவிடவில்லை. திரும்பிப் போனவர்களும் எல்லைக்கல் இல்லாத, வேலி இல்லாத, கிணறு தூர்ந்த, பற்றை மண்டிய வளவையே கண்டார்கள். பலரிடம் உறுதி இல்லை. ஓடும்போது பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா?

அங்கே 1848இல் நடந்ததற்கு இங்கும் ஒத்த கதை உண்டு. ஆங்கிலேயர் 1840இல் இயற்றிய சட்டம், உரித்தை நிறுவ முடியாத தரிசு நிலமும் காடும் முடிக்குரியது என்று கொண்டது. அண்மையில், 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துள் உரித்துக் கோராவிடின் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்றது. அடிப்படையாகக் கொள்ளப்பட்டது 1931ஆம் ஆண்டுச் சட்டம். எதிர்ப்பு எழுந்து, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த ஒரு முறை தப்பினோம். இந்தியாவிலும் கனடாவிலும் இருக்கும் உரித்தாளர் எத்தனைபேர் மூன்று மாதத்துள் வந்திருப்பார்கள்? ஹவாயின் பெப்ரவரி 14ஆம் திகதி எமது வாசலிலும் வந்து நின்றது என்பதை மறக்கக்கூடாது.

நாம் செய்யவேண்டியவை

பழைய மிசன் கட்டடங்களையும் ஆலயங்களையும் பேணவேண்டும் என்ற பேச்சு எமது பகுதிகளிலும் எழுகிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. சுவர் உள்ளவரை நினைவும் இருக்கும். ஆனால் முருகைக்கல்லுக்குச் சுண்ணாம்பு பூசுமுன், மக்களின் காணி நினைவைப் பேணுவது திருச்சபைகளின் முதற் கடமை என்பது எமது உறுதியான கருத்து.

பங்குகளில் உள்ள திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளும், பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளும் இந்தக் குடும்பம் இந்த ஊரில் இருந்தது என்பதற்குத் துணைச்சான்று. அவை தாமாகக் காணி உரித்தை நிறுவமாட்டா. ஆயினும் வேறு சான்று இல்லாதவருக்கு அவை பேருதவி. பங்குத்தந்தையர் இவற்றைப் பிரதிசெய்து இரண்டு இடங்களில் வைக்கவேண்டும். கேட்டு வருபவரை அலைக்கழிக்காது கொடுக்கவேண்டும். சைவக் கோவில்களும் ஏனைய சபைகளும் தம்மிடம் உள்ள பழைய கணக்குகளை இவ்வாறே காக்கலாம்.

கமக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுதி தொலைந்திருந்தால் மனம் தளரவேண்டாம். பதியப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் விபரம் இருக்கும். அதற்கும் முன்பாக, ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நான்கு எல்லையும் யாருடையது, பங்குக் கிணறு எங்கே, அதில் யார் யாருக்கு எத்தனை முறை, ஒழுங்கை எந்தப் பக்கம், எல்லையில் நின்ற பனை எத்தனை என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள அம்மம்மா, அப்பப்பாவைக் கேளுங்கள். எல்லை முழுவதும் அவர்கள் நாவில் இருக்கிறது. அவர்களோடு அது மண்ணுக்குள் போய்விடக்கூடாது. அயலவர் இருவரைக் கொண்டு ஒப்பமிடச் செய்யுங்கள். வசதி இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறூரில் உள்ள உறவினரிடம், ஒரு பிரதி பங்கில் இருக்கட்டும்.

விவிலியத்தில் எரேமியா இறைவாக்கினர் செய்ததும் இதுவே. எருசலேம் முற்றுகையிடப்பட்டு, நாடு பறிபோகும் வேளையில், அவர் அனத்தோத்து ஊரில் தம் உறவினரின் நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதினார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்துள் நெடுங்காலம் கெடாதிருக்க வைக்கும்படி பாரூக்கிடம் சொன்னார். பகைவன் மதிலுக்கு வெளியே நிற்கும்போது காணி உறுதி எழுதுவது பைத்தியம் என்று அயலவர் எண்ணியிருக்கலாம். மக்கள் ஒருநாள் திரும்பிவந்து அந்த மண்ணில் வீடு கட்டித் தோட்டம் செய்வார்கள் என்ற நம்பிக்கையே அவரை எழுதச் செய்தது. அந்த நம்பிக்கையோடு எமது குடும்பங்களும் இந்த மாதமே எழுதத் தொடங்கட்டும். பங்குகள் அதற்குக் கொப்பியும் பேனாவும் எழுதத் தெரிந்த இளைஞரும் கொடுத்து உதவட்டும்.